தடுக்க மட்டுமே தெரிந்த செல்

முதல் உலகப் போரின்போது பிரான்சின் புலோன் துறைமுகப் பகுதியில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைகள் இயங்கின. அங்கே பணியாற்றிய கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவரிடம் பின்மண்டையில் குண்டடி பட்ட சிப்பாய்கள் வந்தபடி இருந்தார்கள். காயம் கழுத்துக்குச் சற்று மேலே இருந்தால் அடிபட்டது பெரும்பாலும் சிறுமூளையாக இருக்கும். பக்கவாதம் வந்தவர்களைப்போல அவர்களுக்குக் கை கால் செயலற்றுப் போகவில்லை. தொடு உணர்ச்சி இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. ஆனால் மூக்கைத் தொடச் சொன்னால் விரல் மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் போய் இடித்தது. தண்ணீர்க் குவளையை எடுக்கப் போன கை, குவளையை நெருங்க நெருங்க அதிகமாக ஆடியது.

ஹோம்ஸ் தன் சகா ஒருவருடன் சேர்ந்து 1904இலேயே விவரித்திருந்த எளிய சோதனை ஒன்று உண்டு. மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கித் தன் பக்கம் இழுக்கச் சொல்வார். நோயாளி முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று பிடியை விட்டுவிடுவார். ஆரோக்கியமான கை கொஞ்ச தூரம் போய்த் தானாகவே நின்றுவிடும். சிறுமூளை பாதிக்கப்பட்ட பக்கத்துக் கை நிற்காது. அது நோயாளியின் முகத்திலோ மார்பிலோ போய் அறையும். கையில் பலம் இருக்கிறது, இழுக்கும் கட்டளையும் சரியாகப் போகிறது. உரிய நொடியில் ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய ஒன்றுதான் அங்கே இல்லை.

இன்னொரு நோயாளி சொன்னதை ஹோம்ஸ் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு இடது கை நினைக்காமலே வேலை செய்கிறது. வலது கையையோ ஒவ்வோர் அசைவுக்கும் யோசித்து யோசித்து நகர்த்த வேண்டியிருக்கிறது. திரும்பும்போது அந்தக் கை முற்றிலும் நின்றுவிடுகிறது, மறுபடி யோசித்துத்தான் அதைத் தொடங்க முடிகிறது. சிறுமூளை நமக்காக என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எனக்குத் தெரிந்து மருத்துவ நூல்களில் இல்லை.

சிறுமூளையின் எடை மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதற்குள் நியூரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் குழுவினர் அவற்றை எண்ண ஒரு துணிச்சலான வழியைக் கண்டுபிடித்தார்கள். மூளைத் திசுவைக் கரைத்து, செல்களின் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் ஒரு கரைசலாக்கி, அதில் சில துளிகளை எடுத்து எண்ணிக் கணக்கிடுவது. 2009இல் வெளியான அந்தக் கணக்கின்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் உள்ளன. சிந்தனைக்கும் மொழிக்கும் இருப்பிடம் என்று நாம் கொண்டாடும் பெருமூளைப் புறணியில் இருப்பவை சுமார் 1,600 கோடிதான். ஐந்தில் நான்கு நியூரான்களை இவ்வளவு சிறிய இடத்தில் வைத்துக்கொண்டு இந்த உறுப்பு செய்யும் வேலையின் மையத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் செய்தி ஒன்றே ஒன்று, அதுவும் தடைச் செய்தி.

அந்த விசித்திரத்தைப் புரிந்துகொள்ள அதன் கம்பிப் பின்னலைப் பார்த்தாக வேண்டும். முதலில் பார்த்தவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1888இல் பார்சிலோனாவில், கைக்காசு செலவழித்துத் தானே நடத்திய ஆய்விதழில், பறவைகளின் சிறுமூளையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இத்தாலியரான கமிலோ கோல்ஜி 1873இல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயம்தான் அவருடைய கருவி. அந்தச் சாயம் ஆயிரக்கணக்கான செல்களில் ஒரு சிலவற்றை மட்டும், ஆனால் அவற்றைத் தலை முதல் கால் வரை, கறுப்பாக்கிக் காட்டும். ஏன் அந்தச் சில மட்டும் என்பது வேறு கதை. எல்லாமே கறுத்திருந்தால் கஹாலுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உருகிய ஒரே வலை என்று கோல்ஜி உட்படப் பலரும் நம்பிய காலம் அது. கஹால் பார்த்த இழைகளோ ஒவ்வொன்றும் தனியாக ஆரம்பித்துத் தனியாக முடிந்தன. ஒரு செல்லின் இழை இன்னொரு செல்லின் அருகில் போய் நிற்கிறது, அதோடு கலந்துவிடுவதில்லை. 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசுரையிலேயே கோல்ஜி கஹாலின் கருத்தை எதிர்த்துப் பேசினார். கஹால் சொன்னதுதான் சரி என்பதை 1950களில் மின்னணு நுண்ணோக்கி கண்ணுக்கே காட்டியது. இரு நியூரான்களுக்கு நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது, அதன் அகலம் ஏறக்குறைய 20 நானோமீட்டர். அந்தச் சந்திப்பைத்தான் சினாப்ஸ் என்கிறோம்.

அந்த இடைவெளியில் மின்சாரம் தாண்டுவதில்லை. துடிப்பு இழையின் நுனிக்கு வந்ததும் அங்கே கால்சியம் உள்ளே நுழைகிறது, குளூட்டமேட் போன்ற ஒரு வேதிப்பொருளை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள் திறந்து அதை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் அதை ஏற்க ஏற்பிப் புரதங்கள் காத்திருக்கின்றன. எல்லாம் ஒரு மில்லிவினாடி அளவில் நடந்து முடிகிறது. ஏற்பிகள் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்து, அதே துடிப்பு எதிர்ப்பக்கத்தில் உரக்கவும் கேட்கலாம், முணுமுணுப்பாகவும் கேட்கலாம். நாம் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.

சிறுமூளைக்குள் செய்தி இரண்டு வாசல்கள் வழியாக வருகிறது. முதல் வாசல் பாசி இழைகள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, பெருமூளை இப்போது என்ன கட்டளை அனுப்பியது, காதில் என்ன ஒலி விழுந்தது என்ற தகவல்களெல்லாம் இவற்றில் வருகின்றன. இவை போய்ச் சேருவது துகள் செல்களிடம். மூளையிலேயே மிகச் சிறிய நியூரான்கள் இவை. உடல் விட்டம் 5 முதல் 8 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். சிறுமூளையின் 6,900 கோடியில் ஏறக்குறைய எல்லாமே இவைதான். ஒவ்வொரு துகள் செல்லுக்கும் சராசரியாக நான்கே நான்கு குட்டைக் கிளைகள். ஒவ்வொரு கிளையும் ஒரு பாசி இழையைப் பற்றிக்கொள்கிறது.

நான்கு வெவ்வேறு தகவல்களை ஒரே செல் கலந்து கேட்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘தலை இடப்பக்கம் திரும்புகிறது’ என்பது ஒரு தகவல். ‘தலை இடப்பக்கம் திரும்புகிறது, வலது கால் தரையில் ஊன்றியிருக்கிறது, மணி ஒலித்தது’ என்பது ஒரு சந்தர்ப்பம். சில இழைகளில் வந்த தகவல்களைக் கோடிக்கணக்கான சந்தர்ப்பங்களாகப் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் இத்தனை துகள் செல்கள் என்பது இன்றுவரை நிலைத்திருக்கும் விளக்கம்.

துகள் செல்லின் ஆக்சான், அதாவது செய்தியை வெளியே கொண்டுபோகும் இழை, நேராக மேலே ஏறி, மேல் அடுக்கில் ஆங்கில ‘T’ எழுத்துப்போல இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் சில மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. எல்லாத் துகள் செல்களின் இழைகளும் ஒரே திசையில் ஓடுவதால் இணை இழைகள் என்று பெயர். இவை ஊடுருவிச் செல்லும் செல்கள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள்: புர்கின்யே செல்கள். செக் நாட்டு விஞ்ஞானி யான் புர்கின்யே 1837இல் இவற்றை விவரித்தார். அன்றைய நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரியவை. பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து, பச்சை போய் நரம்பு மட்டும் மிஞ்சும்வரை காக்கும் அரச இலையைப் பார்த்திருப்பீர்கள். புர்கின்யே செல்லின் கிளைப்பரப்பு அப்படித்தான் இருக்கிறது, தட்டையாக, ஒரே தளத்தில், நுணுக்கமாகப் பின்னியபடி. இந்தத் தட்டைப் பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, இணை இழைகள் அவற்றைச் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஓர் இழை ஒரு செல்லை ஒன்றிரண்டு இடங்களில் மட்டுமே தொட்டுவிட்டு அடுத்த செல்லுக்குப் போய்விடுகிறது. அப்படியிருந்தும் ஒரு புர்கின்யே செல்லின்மேல் சேரும் இணை இழைச் சினாப்ஸ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மூளையில் வேறெந்த நியூரானும் இத்தனை பேருடைய பேச்சைக் கேட்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வாசல் இதற்கு நேர் எதிர். மூளைத்தண்டில் கீழ் ஆலிவ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. அங்கிருந்து வரும் இழை புர்கின்யே செல்லின் அடிமரத்தைப் பற்றி, கிளை கிளையாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. கொடி மரத்தில் படர்வதைப் பார்த்த கஹால் அதற்கு ஏறு இழை என்று பெயர் வைத்தார். வளர்ந்த விலங்கில் ஒரு புர்கின்யே செல்லுக்கு ஓர் ஏறு இழைதான் என்பது பாடநூல் விதி. பிறந்த எலிக்குட்டியில் ஒரே செல்லைப் பல ஏறு இழைகள் பற்றியிருக்கும். முதல் மூன்று வாரங்களுக்குள் அவற்றுக்கிடையே போட்டி நடந்து, ஒன்று நிலைத்து மற்றவை பின்வாங்கிவிடுகின்றன. நிலைத்த இழை நூற்றுக்கணக்கான இடங்களில் செல்லைத் தொடுகிறது. அதில் ஒரு துடிப்பு வந்தால் செல் முழுவதும் அதிர்ந்து, கிளைகளெங்கும் கால்சியம் பாய்கிறது. ஆனால் அது பேசுவதே அபூர்வம். வினாடிக்குச் சுமார் ஒரு முறை.

இணை இழைகள் லட்சம், ஒவ்வொன்றின் குரலும் மெல்லியது. ஏறு இழை ஒன்று, அதன் குரலை மீற முடியாது. இப்படிப்பட்ட ஓர் அமைப்பை இயற்கை எதற்காகக் கட்டியது?

விடைக்கு முன் இன்னொரு துண்டு தேவைப்பட்டது. புர்கின்யே செல் யாரிடம் பேசுகிறது, என்ன சொல்கிறது? அதன் ஆக்சான் சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும், உட்கருக்கள் என்றே அழைக்கப்படும் நியூரான் தொகுப்புகளுக்குப் போகிறது. சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே பாதை அதுதான். இவ்வளவு பெரிய செல், இவ்வளவு நீண்ட இழை, நிச்சயம் அடுத்த செல்லைக் கிளர்த்தும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தடுக்கும் வேலை உள்ளூரில் இருக்கும் குட்டை இழைச் செல்களுடையது என்பது அன்றைய பொது எண்ணம். ஜப்பானின் மசாவோ இட்டோ, ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் ஜான் எக்கிள்ஸிடம் பயிற்சி பெற்றுவிட்டு டோக்கியோ திரும்பியவர். 1964இல் அவரும் அவருடைய சகா யோஷிதாவும் புர்கின்யே செல் தான் சேரும் நியூரானைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அது வெளியிடும் வேதிப்பொருள் காபா.

புர்கின்யே செல் யாரும் தூண்டாமலே வினாடிக்குப் பத்துக்கணக்கில் துடித்துக்கொண்டிருக்கும். அதாவது ஆழத்து உட்கருக்களின் மேல் ஓயாமல் ஒரு தடை விழுந்துகொண்டிருக்கிறது. அந்த உட்கருக்களும் தம் போக்கில் துடிக்கும் இயல்புடையவை. ஆகவே அவற்றை இயக்க யாரும் தள்ள வேண்டியதில்லை. புர்கின்யே செல்கள் சற்றே பேசாமல் இருந்தால் போதும், அடக்கி வைத்திருந்த உட்கரு எழுந்து தசைகளை நோக்கிச் செய்தி அனுப்பும். சிறுமூளை ஓர் அசைவைத் தூண்டுவதென்றால் அதன் முக்கிய வழி தன் வாயை மூடிக்கொள்வதுதான். எந்தச் சந்தர்ப்பத்தில், எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் மூடிக்கொள்வது என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது.

எப்படிக் கற்கிறது என்பதை முதலில் கணித்தவர் சோதனைக்கூடத்தில் இருந்தவர் அல்லர். கேம்பிரிட்ஜில் டேவிட் மார் என்ற இளைஞர், 24 வயதில், 1969இல், அப்போது தெரிந்திருந்த கம்பிப் பின்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோட்பாடு எழுதினார். இணை இழைகள் சந்தர்ப்பத்தைச் சொல்கின்றன, ஏறு இழை பாடம் சொல்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அந்த இணை இழைச் சினாப்ஸின் வலிமை மாறுகிறது. மாற்றம் வலுப்படும் திசையில் இருக்கும் என்று மார் நினைத்தார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் ஆல்பஸ், 1971இல் தனியாக ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார், ஒரே ஒரு வித்தியாசத்துடன். ஏறு இழை சொல்வது ‘தவறு நடந்தது’ என்பது. ஆகவே அப்போது பேசிக்கொண்டிருந்த சினாப்ஸ்கள் பலவீனமடைய வேண்டும் என்றார் அவர்.

எது சரி என்பதை 1982இல் இட்டோ முயல்களில் சோதித்தார். இரண்டு வாசல்களையும் சேர்த்துத் தூண்டிவிட்டுப் பார்த்தபோது, இணை இழைகளுக்குப் புர்கின்யே செல் காட்டும் பதில் குறைந்தது. குறைவு உடனே மறையவில்லை, ஒரு மணி நேரம் வரைகூட நீடித்தது. பெருமூளையின் நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எல்லோரும் சினாப்ஸ் வலுப்பெறுவதைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், சினாப்ஸ் தளர்ந்தும் நினைவு உருவாகலாம் என்று இது சொன்னது.

அந்தத் தளர்ச்சியை ஒரு சினாப்ஸின் அருகில் நின்று பார்க்கலாம். இணை இழை குளூட்டமேட்டைக் கொட்டுகிறது. அது இரண்டு வகை ஏற்பிகளில் ஒட்டுகிறது. ஆம்பா ஏற்பி உடனே திறந்து மின்னோட்டத்தை உள்ளே விடுகிறது. இன்னொன்று நிதானமானது, செல்லுக்குள் ஐபி3 என்ற ஒரு சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. ஐபி3 உள்ளே இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைத் தட்டுகிறது. ஆனால் கதவு முழுதாகத் திறக்க ஐபி3 மட்டும் போதாது, அதே நேரத்தில் அங்கே கால்சியமும் வந்திருக்க வேண்டும். அந்தக் கால்சியத்தைக் கொண்டுவருவது ஏறு இழையின் துடிப்பு. இரண்டு செய்திகளும் ஒரே சமயத்தில் வந்தனவா என்பதை ஒரு புரதக் கதவு இப்படித் தன் இரண்டு சாவிகளால் சரிபார்த்துக்கொள்கிறது. கதவு திறந்ததும் கால்சியம் பெருகி, ஒரு நொதி விழித்து, ஆம்பா ஏற்பியின் வாலில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்த ஏற்பியை அதுவரை சவ்வில் நிறுத்தி வைத்திருந்த புரதம் பிடியை விடுகிறது. வேறொரு புரதம் அதைப் பற்றிக்கொள்ள, சவ்வு குழிந்து, ஏற்பி செல்லுக்குள் விழுங்கப்படுகிறது. அடுத்த முறை அதே இணை இழை அதே அளவு குளூட்டமேட்டைக் கொட்டினாலும் இந்தப் பக்கம் கேட்பதற்குக் காதுகள் குறைவு.

பாரிஸில் இசோப், பார்பர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட அளவீடு இதற்கு ஒரு வலுவான பின்னணி. வளர்ந்த எலியின் சிறுமூளையில் துகள் செல்லுக்கும் புர்கின்யே செல்லுக்கும் இடையிலான சினாப்ஸ்களில் ஏறத்தாழ 85 சதவீதம் அளக்கத்தக்க எந்தப் பதிலையும் தருவதில்லை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். உருவத்தில் அவை முழுமையான சினாப்ஸ்கள்தாம், பேசுவதில்லை, அவ்வளவே. ஒரு வாழ்நாள் பயிற்சியில் வாயடைக்கப்பட்டவையா, என்றாவது தேவைப்படும் என்று ஒதுக்கி வைத்தவையா என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்துவைக்கிறது.

இதெல்லாம் உயிருள்ள ஒரு விலங்கின் நடத்தையாக எப்படி வெளிப்படுகிறது என்பதை முயலின் கண் இமை காட்டியது. ஓர் ஒலி கேட்கிறது. கால் வினாடி கழித்துக் கண்ணில் மெல்லிய காற்று ஊதப்படுகிறது. முயல் இமைக்கிறது. இதை நூற்றுக்கணக்கான முறை செய்தால், ஒலி கேட்டதுமே, காற்று வருவதற்கு முன், இமை தானாக மூடும். அதுவும் ஒலி கேட்ட உடனே பதறி மூடுவதில்லை. காற்று வரவிருக்கும் கணத்தில் முழுதாக மூடியிருக்கும்படி கணக்காக மூடுகிறது. இடைவெளியை நீட்டிப் பயிற்சி கொடுத்தால் இமையும் தாமதித்து மூடக் கற்றுக்கொள்ளும். ரிச்சர்ட் தாம்ப்சனும் டேவிட் மக்கார்மிக்கும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சிறுமூளை உட்கருவின் ஒரு சிறு பகுதியைச் சிதைத்தபோது கற்றுக்கொண்ட இமைப்பு மட்டும் போய்விட்டது. காற்று பட்டால் இமைக்கும் பிறவி அனிச்சை அப்படியே இருந்தது. ஒரு நினைவுக்கு மூளையில் இவ்வளவு துல்லியமான முகவரி கிடைத்தது அரிய விஷயம்.

கம்பிப் பின்னலில் இதை வைத்துப் பாருங்கள். ஒலி பாசி இழைகள் வழியாக வருகிறது, காற்று ஏறு இழை வழியாக வருகிறது. பயிற்சிக்குப் பின் ஒலி கேட்கும்போது அந்தப் புர்கின்யே செல்களின் ஓயாத துடிப்பு சரியான கணத்தில் நின்றுபோகிறது. தடை நீங்கிய உட்கரு எழுகிறது, இமை மூடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து நடப்பது. எழுந்த உட்கரு இமைக்கு மட்டும் செய்தி அனுப்புவதில்லை. கீழ் ஆலிவுக்கும் ஒரு தடைச் செய்தி அனுப்புகிறது. பாடம் படிந்த பிறகு, அதைச் சொல்லிக்கொடுத்த ஏறு இழை இந்தத் தடையால் அடங்கிவிடுகிறது. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. காற்று வராமல் போனாலோ, எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தாலோ மட்டும் கணக்கு மறுபடி திருத்தப்படுகிறது.

முயலை விடுங்கள், கண்ணாடி போடுபவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறார்கள். பவர் மாற்றிப் புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தலையைத் திருப்பினால் உலகம் மிதக்கும், படி இறங்கத் தயக்கமாக இருக்கும். சில நாளில் அது போய்விடும். தலை ஒரு பக்கம் திரும்பும்போது கண்கள் எதிர்ப்பக்கம் அதே அளவு திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. உள்காதிலிருந்து கண் தசைக்கு மூன்றே நியூரான்களில் போகும் இந்த அனிச்சை 10 மில்லிவினாடி அளவிலேயே நடந்துவிடும். பார்வை வழியாகப் பிழையைக் கண்டுபிடித்து அப்போதைக்கப்போது திருத்திக்கொள்வது முடியாத காரியம், பார்வைக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் தேவை. கண்ணாடி பிம்பத்தின் அளவை மாற்றியதும் பழைய கணக்கு பொருந்தாமல் போகிறது. விழித்திரையில் பிம்பம் வழுக்கும் தகவல் ஏறு இழைகளில் சிறுமூளைக்கு வந்து, நாம் கவனிக்காமலே கணக்கை மாற்றுகிறது. மான்ட்ரியலில் கான்ஷர், மெல்வில் ஜோன்ஸ் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட சோதனையில், இடவலத்தை மாற்றிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை மனிதர்கள் வாரக்கணக்கில் அணிந்திருந்தார்கள். முதலில் குமட்டலும் தடுமாற்றமுமாக இருந்த அவர்களின் அனிச்சை, கடைசியில் திசையையே திருப்பிக்கொண்டது.

இட்டோவின் தளர்ச்சிதான் கற்றலின் முழு விளக்கம் என்று இங்கே நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் 2011இல் ராட்டர்டாமில் இருந்து வந்த ஆய்வு அப்படி நிறுத்த விடவில்லை. ஆம்பா ஏற்பி விழுங்கப்படும் படியைத் தடுத்து வைத்த மரபணு மாற்ற எலிகள், இமைப்பும் கண்ணசைவும் சாதாரணமாகவே கற்றுக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு, சினாப்ஸ் வலுப்படுவதைத் தடுத்தபோது கற்றல் கெட்டதையும் காட்டியிருந்தது. தூண்டுதலை வலுவாக்கினால் அந்த எலிகளிலும் தளர்ச்சி நிகழ்கிறது என்று இட்டோ தரப்பினர் 2016இல் பதில் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலானோர் ஏற்பது, வலுப்படுதலும் தளர்தலும், துகள் செல் அடுக்கிலும் உட்கருவிலும்கூட நடக்கும் மாற்றங்களும் சேர்ந்தே ஒரு திறமை உருவாகிறது என்பதை. ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று ஈடுகொடுக்கிறது. இட்டோவின் கண்டுபிடிப்புக்கு இது குறைவு இல்லை என்றே நினைக்கிறேன். ஓர் உறுப்பு ஒரே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நேரக் கணக்கு எங்கே இருக்கிறது என்பது இன்னும் ஆழமான கேள்வி. துகள் செல்கள்தான் ஒலிக்குப் பின் ஒவ்வொரு கணத்திலும் வெவ்வேறு கூட்டமாகத் துடித்து நேரத்தைக் குறிக்கின்றன என்று பலகாலம் கருதினார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஜெர்முண்ட் ஹெஸ்லோ குழுவினர் 2014இல் அதற்கு ஒரு கடுமையான சோதனை வைத்தார்கள். கீரியைப்போலத் தோற்றமளிக்கும் ஃபெரட் என்ற விலங்குகளில், ஒலியையும் பாசி இழையையும் தவிர்த்துவிட்டு, இணை இழைகளை நேரடியாக ஒரே மாதிரியான மின்தூண்டலால் தூண்டி, குறிப்பிட்ட இடைவெளியில் ஏறு இழையையும் தூண்டினார்கள். வந்து சேரும் செய்தியில் நேரத்தைப் பற்றிய துப்பே இல்லை. ஆனாலும் புர்கின்யே செல் சரியான இடைவெளியில் துடிப்பை நிறுத்தக் கற்றுக்கொண்டது. அருகிலிருக்கும் தடுப்புச் செல்களின் செல்வாக்கை மருந்தால் நிறுத்திய பிறகும் அந்த இடைநிறுத்தம் போகவில்லை. நேரத்தின் நினைவு சினாப்ஸ்களின் பலத்தில் மட்டும் இல்லை, ஒரு தனிச் செல்லின் உள்ளேயே எங்கோ இருக்கிறது என்பதே இதன் பொருள். எங்கே, எந்த மூலக்கூறில் என்று தேடல் தொடர்கிறது.

இமையும் கண்ணும் கையும் மட்டும்தான் சிறுமூளையின் எல்லை என்று நினைத்த காலமும் போய்விட்டது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாதது ஏன் என்று லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் 1998இல் மூளைப்படம் எடுத்துப் பார்த்தார்கள். பிறர் உள்ளங்கையைத் தொடும்போது இருந்ததைவிட, தானே தொட்டுக்கொள்ளும்போது சிறுமூளையின் செயல்பாடு குறைந்திருந்தது. தன் அசைவால் விளையப்போகும் தொடுதலைச் சிறுமூளை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். கையசைவுக்கும் தொடுதலுக்கும் நடுவே ஒரு ரோபோவை வைத்து வினாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதத்தைப் புகுத்தியபோது, சொந்தத் தொடுதலே கிச்சுக்கிச்சு மூட்டத் தொடங்கியது. ஸ்டான்போர்டில் 2017இல் எலிகளுக்கு ஒரு கைப்பிடியைத் தள்ளினால் சர்க்கரைத் தண்ணீர் என்று பழக்கியபோது, துகள் செல்களில் சில தண்ணீர் வருமென்ற எதிர்பார்ப்பில் துடித்தன, வேறு சில தண்ணீர் வராமல் போனதற்காகத் துடித்தன. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் திட்டமிடுதலும் மொழியும் உணர்ச்சியும்கூடத் தடுமாறுவதை 1998இலேயே ஷ்மாமனும் ஷெர்மனும் விவரித்திருந்தார்கள். பின்னல் எங்கும் ஏறக்குறைய ஒன்றேதான். எந்தப் பகுதியோடு அது இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, கழிக்கப்படும் பிழை கையின் பிழையாகவோ எண்ணத்தின் பிழையாகவோ இருக்கலாம்.

இதுவரை சொன்ன செல் ஆய்வுகளில் பெரும்பாலானவை முயல், எலி, பூனை, ஃபெரட் ஆகியவற்றில் நடந்தவை. மனிதச் சிறுமூளையின் மடிப்புகளை விரித்தால் அதன் பரப்பு பெருமூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வரும் என்பதே 2020இல்தான் ஒழுங்காக அளக்கப்பட்டது. 2023இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சைலஸ் புஷ், கிறிஸ்டியன் ஹான்சல் இருவரும் மனிதர்களின் புர்கின்யே செல்களை எலியினுடையவற்றோடு ஒப்பிட்டார்கள். எலியில் கணிசமானவற்றுக்கு ஒரே அடிமரம். மனிதர்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்குமே ஒன்றுக்கு மேற்பட்ட அடிமரங்கள், அல்லது ஒரு மரம் அடியிலேயே பிளந்திருந்தது. அப்படிப் பல மரங்களுள்ள எலிச் செல்களைத் தேடிச் சோதித்தபோது, அவற்றில் நான்கில் ஒரு பங்கை வளர்ந்த பிறகும் ஒன்றுக்கு மேற்பட்ட ஏறு இழைகள் பற்றியிருந்தன. ஒரு செல்லுக்கு ஒரே ஓர் ஏறு இழை என்ற விதியின்மேல்தான் மாரும் ஆல்பஸும் தங்கள் கோட்பாட்டைக் கட்டினார்கள். மனிதனின் புர்கின்யே செல் இரண்டு ஏறு இழைகளிடம் ஒரே நேரத்தில் பாடம் கேட்கிறதா, கேட்டால் அவை முரண்படும்போது எந்தக் கிளை எதை நம்புகிறது என்பதுதான் இப்போது சோதனைக்கூடங்களில் மேசைமேல் இருக்கும் கேள்வி.